சர்வகலாசாலையின் விஸ்தரிப்பு வேலையும் அன்னூர்க் குடியானவர்களின் தேவைகளும்

கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் ரஸ்தாவில் உள்ள அன்னூரும் அதைச் சுற்றிய கிராமங்களும் மழை குறைந்த பிரதேசம் என்பது யாவரும் அறிந்ததே. மானாவாரிக் காடுகளில் சோளமும், கிணற்றுப் பாசனத் தோட்டங்களில் பருத்தியும் நெடுங்காலம் இங்கே பிரதானப் பயிர்களாக விளங்கின. கவலை கட்டி நீர் இறைத்த நாளில் குடியானவனுக்கு வேண்டியிருந்தவை நல்ல விதையும் எருவும் உழவு மாடுமே. மின்சார மோட்டார் வந்தபின் கிணறுகள் ஆழமாயின. பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் தோன்றின. நீர்மட்டமோ அவற்றைக் காட்டிலும் வேகமாய்க் கீழே போயிற்று. ஆலைகளும் தொழிற்சாலைகளும் பெருகவே பண்ணையத்துக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. பருத்தி எடுக்கக் கூலி கொடுத்துக் கட்டாது என்று கண்ட பலர் வாழை, காய்கறி, கறிவேப்பிலை, கறவை மாடு ஆகியவற்றை நாடினர். ஆகவே, தகப்பன் காலத்துக்கு ஏற்ற யோசனை மகன் காலத்துக்கு ஏற்றதாய் இருப்பதில்லை. இம்மாறுதலைச் சர்வகலாசாலை எவ்வழியாக அறிந்து தன் வேலையைத் திட்டமிடுகிறது என்பது குடியானவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகும்.

சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் 1868-ல் தொடங்கிய விவசாயப் பாடசாலையே 1906-ல் கோயமுத்தூருக்கு மாறிக் கல்லூரியாகி, 1971-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆதியில் விவசாய இலாகாவின் டிமான்ஸ்ட்ரேட்டர்கள் கிராமந்தோறும் சென்று இரும்புக் கலப்பையையும் பொறுக்கு விதையையும் செய்து காட்டினார்கள். அறிந்தவர் சொல்ல, மற்றவர் கேட்பது என்ற முறை அது. அக்காலத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. ஆலைக்காரருக்கு நீண்ட இழை வேண்டும், குடியானவனுக்கு அதிக மகசூல் வேண்டும் என்பதில் சந்தேகம் ஏதும் இருக்கவில்லை. 1968-ல் வெளியான எம்.சி.யு. 5 என்னும் பருத்தி ரகம் அத்தேவைக்கு நேரான விடையாக அமைந்தது.

இக்காலத்தில் தேவை இன்னதென்று கேட்டுத்தான் அறிய வேண்டும். அமெரிக்காவில் 1914-ம் வருஷச் சட்டத்தின்படி விஸ்தரிப்பு உத்தியோகஸ்தர்கள் அந்தந்த ராஜ்யத்துச் சர்வகலாசாலையையே சேர்ந்தவர்கள். ஆண்டுத் திட்டம் வகுக்குமுன் பொது ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டாக வேண்டும் என்று 1998-ல் மற்றொரு சட்டமும் விதித்தது. நம் தேசத்திலோ கிராமத்தில் நடமாடும் உத்தியோகஸ்தர் இலாகாவைச் சேர்ந்தவர். ஆராய்ச்சியாளர் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர். ஒருவர் காதில் விழுந்தது மற்றவருக்கு எட்டினாலன்றிக் காரியம் நடவாது. இக்குறையை நீக்கவே 1980-களில் பயிற்சியும் பார்வையிடலும் என்ற முறையில், ஆராய்ச்சியாளரும் இலாகா உத்தியோகஸ்தரும் மாதந்தோறும் கூடி வயல் பிரச்சினைகளை விவாதிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதற்கு முன்பே, 1974-ல், இந்தியாவின் முதலாவது வேளாண் அறிவியல் நிலையம் இச்சர்வகலாசாலையின் பொறுப்பில் புதுச்சேரியில் துவக்கப்பட்டிருந்தது. இத்தகைய நிலையங்கள் புதிய ரகத்தையோ முறையையோ முதலில் குடியானவர் நிலத்திலேயே பரீட்சித்து, பலன் கண்ட பிறகே பலர் நிலங்களில் செய்து காட்டுகின்றன. இவற்றின் ஆலோசனைக் குழுவில் குடியானவர்களுக்கும் இடமுண்டு. அன்னூருக்கு அடுத்த காரமடை வட்டாரத்தில், விவேகானந்தபுரத்தில், அவினாசிலிங்கம் ஸ்தாபனத்தார் நடத்தும் நிலையம் இவ்வகையைச் சேர்ந்தது.

கேட்டறிந்து செய்த வேலை எவ்வளவு பயன் தரும் என்பதற்கு மாவுப்பூச்சி விஷயம் நல்ல திருஷ்டாந்தமாகும். மெக்ஸிகோ தேசத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கோயமுத்தூரில் காணப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி முதலிய பயிர்களிலும் அது வெள்ளைப் பஞ்சு போல் அப்பிக்கொண்டது. மருந்து தெளித்தால் மேலுள்ள மெழுகு காப்பாற்றிவிடும். மல்பெரிக்கு மருந்து அடித்தாலோ பட்டுப்புழு மடியும். மல்பெரித் தோட்டங்களைப் பிடுங்கி எறிந்தவர்களும் உண்டு. வழக்கம்போல் இன்ன மருந்து, இத்தனை மில்லி என்று எழுதிக் கொடுத்திருந்தால் பூச்சி பெருகியிருக்கும். அதைத் தின்னும் நன்மைப் பூச்சிகளே அழிந்திருக்கும். 2010-ல் பெங்களூரிலுள்ள மத்திய ஸர்க்காரின் பூச்சி ஆராய்ச்சி நிலையம் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்தது. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் நுண்ணிய குளவி நன்கு பலன் தந்தது. சர்வகலாசாலையார் முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் குளவியைப் பெருக்கி, ஆராய்ச்சி நிலையங்கள் மூலமும் வேளாண் அறிவியல் நிலையங்கள் மூலமும் குடியானவர்களுக்கு வழங்கினர். குளவி விட்ட தோட்டத்தில் மருந்து தெளிக்கலாகாது என்று சொல்வதும், அதை நம்பச் செய்வதுமே இதில் கடினமான பாகம். சில மாதங்களில் பூச்சி அடங்கிற்று.

பூச்சி கண்ணுக்குத் தெரிவது. எல்லோரும் ஒரே சமயத்தில் முறையிட்டனர். மற்றத் தேவைகள் அவ்வாறு கூச்சலிடுவதில்லை. பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரையே கூட்டத்துக்கு அழைப்பது வழக்கமாக இருக்கிறது. ஆனால் மாட்டுக்குத் தீவனம் வைப்பதும், பால் கறந்து சொஸைட்டிக்கு அனுப்புவதும், களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள் கையில் உள்ளன. பால் ஊற்றும் நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லை என்று குறித்துக்கொள்வதில் பயனில்லை.

வேளாண்மைப் பட்டப்படிப்பின் இறுதி வருஷ மாணவர் கிராமத்தில் தங்கிப் பயிலும் திட்டம் இவ்விஷயத்தில் உதவக்கூடியது. மாணவர்கள் கோலப்பொடியால் தரையில் ஊர்ப்படம் வரையச் செய்து, எந்தக் கிணறு எப்போது வற்றும், எந்த மாதத்தில் ஆள் கிடைக்காது என்பவற்றை ஊரார் வாயிலாகவே அறிகின்றனர். இக்குறிப்புகள் மதிப்பெண் இட்டபின் அலமாரியில் உறங்காமல் மாதக் கூட்டத்துக்குப் போய்ச் சேருமானால் பெரும் பிரயோஜனம் உண்டு.

அன்னூரில் இப்போது முக்கியமாய்க் கேட்க வேண்டியது நீரைப் பற்றியதாகும். பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி துவக்கி வைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரைக் காளிங்கராயன் அணைக்கட்டின் கீழிருந்து இறைத்து, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு அளிப்பது திட்டம். மொத்த அளவு 1.5 டி.எம்.சி., அதாவது 150 கோடி கன அடி. சரிசமமாய்ப் பங்கிட்டால் ஒரு குட்டைக்குச் சுமார் 14 லட்சம் கன அடி வரும். இது 33 ஏக்கர் பூமியில் ஓர் அடி உயரம் நிற்கக்கூடிய நீர். மழையை நம்பாமல் கணக்கிட்டால் வாழைக்கு ஆண்டில் ஏறத்தாழ ஆறு அடி நீர் வேண்டும். ஐந்தரை ஏக்கரோடு தீர்ந்துவிடும். சோளத்துக்கு ஒன்றரை அடி போதுமாகையால் 22 ஏக்கர் விளையும். ஆவியாகும் நீரைக் கழித்தால் இரண்டுமே இன்னும் குறையும். குட்டை நிறைந்தது கண்டு ஊரார் யாவரும் வாழை வைத்தால் என்னவாகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

சொட்டு நீர்ப் பாசனமும் நீரோடு உரமிடுதலும் இதற்குப் பரிகாரமாகும். 2004-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் 400 ஹெக்டேரில் சர்வகலாசாலை நடத்திய துல்லியப் பண்ணையத் திட்டத்தில் குழாயை மட்டும் கொடுத்து நிறுத்தவில்லை; குடியானவர்களைச் சங்கமாகச் சேர்த்து, விளைந்ததைக் கூடி விற்கவும் வழி செய்தனர். அன்னூருக்கு வகுக்கும் திட்டத்திலும் குட்டைவாரியாக இத்தகைய சங்கங்கள் வேண்டும். குட்டையைச் சுற்றிய கிணறுகளின் நீர்மட்டத்தைச் சங்கத்தாரே மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைக்கலாம். கயிறும் ஒரு கல்லும் இருந்தால் போதும். அக்கணக்கோடு ஆடிப்பட்டத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே ஆராய்ச்சியாளர், இலாகா உத்தியோகஸ்தர், ஊரார் மூவரும் கூடி, அவ்வருஷம் எத்தனை ஏக்கருக்கு எந்தப் பயிர் என்று பேசி முடிப்பது உசிதம். விதை வாங்கிய பிறகு கூடினால் பேச்சுக்கு இடமிராது.