சூட்டிய பெயர், சூடிய பெயர்: தன்பாலீர்ப்பாளர் அடையாளங்களை எப்படிப் புரிந்துகொள்வது?



தலித் இலக்கிய மேடையில், அதுவும் ஒரு நினைவுச் சொற்பொழிவில், தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒரு பெயர் மனிதரை என்ன செய்யும் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்த மண்ணில் இல்லை. பேசுவதற்கு அதுதான் காரணம்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். வசையாக வீசப்பட்ட சொல்லை எடுத்துத் தலைப்பில் அச்சிட்டார். அயோத்திதாசர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. அது எதிரிகள் வைத்த பெயர் என்றார், பூர்வ பௌத்தர் என்ற வரலாற்றை முன்வைத்தார். 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதி திராவிடர்' என்ற பெயரை ஏற்றது. நம் கொங்கு நாட்டில் ஊர் வைத்த பெயரால் அழைக்கப்பட்டவர்கள் 'அருந்ததியர்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டு திரண்டார்கள். 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அந்தப் பெயரில்தான் சட்டமானது.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். இந்தப் பெயரை வைத்தது யார்? இதைச் சொல்லி எந்த உரிமையைக் கேட்க முடிகிறது? இது யாரைக் கீழே தள்ளுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது? தன்பாலீர்ப்பாளர்களிடையே புழங்கும் பெயர்களையும் இந்த மூன்று கேள்விகளோடுதான் அணுக வேண்டும் என்பது என் கருத்து.

கோத்தி, பந்தி, டபுள் டெக்கர்

ஆங்கிலம் படித்த நகரத்து ஆண் 'கே' என்று சொல்லிக்கொள்கிறார். பேருந்து நிலையத்திலும் பூங்காவிலும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் உழைக்கும் வர்க்கத்து ஆண்களிடம் வேறு சொற்கள் உண்டு. ஆண்களை விரும்புகிற, நடையிலும் பேச்சிலும் பெண்தன்மை கொண்ட ஆண் 'கோத்தி'. அவரோடு உறவுகொள்ளும் 'ஆம்பளை' என்று கருதப்படுபவர் 'பந்தி'. இது சாப்பாட்டுப் பந்தி அல்ல, கோத்திகளின் குழூஉக்குறி. இரண்டு விதமாகவும் இருப்பவர் 'டபுள் டெக்கர்'.

இந்த மூன்றில் 'கோத்தி' மட்டுமே ஒருவர் தன்னைப் பற்றித் தானே அழுத்தமாகச் சொல்லிக்கொள்ளும் பெயர். 'பந்தி' பெரும்பாலும் கோத்திகள் அடுத்தவருக்கு வைக்கும் பெயர். அந்த ஆணைக் கேட்டால், தான் எதுவும் இல்லை, சாதாரண ஆம்பளை என்பார். கல்யாணம் செய்துகொள்வார், ஊரில் மரியாதையோடு இருப்பார். ஒரே உறவில் இருவர் இருந்தும் அவமானம் முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது. போலீஸ் அடியும் அவருக்குத்தான், 'ஒம்போது' என்ற வசையும் அவருக்குத்தான். பெயரில்லாமல் இருப்பதும் ஒரு சலுகை. ஆதிக்க சாதிக்காரர் தமக்குச் சாதியே இல்லை என்று சொல்லிக்கொள்வதும், நம் சாதி மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரிவதும் நாம் அறிந்த கதைதானே.

எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்கள் வந்தபோது இந்தச் சொற்கள் திட்ட அறிக்கைகளுக்குள் நுழைந்தன. 'ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்கள்' என்ற அரசு வகைப்பாட்டின் கீழ் கோத்தி ஓர் இலக்குக் குழுவானார். ஆணுறை கிடைத்தது, மருத்துவமனையில் பேச ஓர் ஆள் கிடைத்தது, சிலருக்குக் களப்பணியாளர் வேலையும் சம்பளமும் கிடைத்தன. இவை சிறிய விஷயங்கள் அல்ல. ஆனால் ஒரு மனிதரின் ஆசை, அன்பு, தனிமை எல்லாம் 'நோய்த்தொற்று அபாயம்' என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் அடைபட்டன. உயிரணுவிலும் ஊசியிலும் அக்கறை காட்டிய அரசு, வாடகை வீட்டிலும் வேலையிலும் அவருக்கு என்ன நேர்கிறது என்று கேட்கவில்லை.

யார் புருஷன், யார் பொண்டாட்டி?

பெண்களை விரும்பும் பெண்களுக்கு அந்த அளவு சொற்கள்கூட இல்லை. பூங்காவோ பேருந்து நிலையமோ அவர்களுக்குரிய இடம் இல்லை. முடியை வெட்டிக்கொண்டு சட்டை போட்டால் 'டாம்பாய்', அவ்வளவுதான். இருவர் சேர்ந்து வாழ்வது தெரிந்தால் ஊர் கேட்கும் முதல் கேள்வி, இதில் யார் புருஷன், யார் பொண்டாட்டி என்பது. திருமணத்தின் அதிகாரப் படிநிலை இல்லாமல் இரண்டு பேர் அன்பு செய்ய முடியும் என்பதை இந்தச் சமூகத்தால் கற்பனை செய்ய முடியவில்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு விவாதம் நடந்தது. 1940, 50களில் தொழிலாளி வர்க்கப் பெண்கள் மதுக்கூடங்களில் கூடினார்கள். ஆண்தோற்றம் கொண்டவர் 'புட்ச்', பெண்தோற்றம் கொண்டவர் 'ஃபெம்'. 1970களின் பெண்ணியவாதிகள் பலர் இது ஆணாதிக்கத்தின் நகல் என்று ஒதுக்கினார்கள். ஆனால் தெருவில் அடி வாங்கியபடி, ஒளியாமல் நடந்தவர்கள் அந்தப் பெண்கள்தான் என்பதைப் பின்னால் வந்த வரலாற்று ஆய்வுகள் எடுத்துக்காட்டின. படித்தவர்கள் பாமரரின் பெயரைப் பிற்போக்கு என்று தள்ளும்போது அதில் வர்க்கமும் பேசுகிறது. கோத்தியைப் பார்த்து முகம் சுளிக்கும் 'கே'யிடமும் இதே வர்க்கம்தான் பேசுகிறது.

நம் பகுதிக்கு வருவோம். கோவை, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' நடந்தது. இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்று ஆண்டு வேலை முடிந்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்றார்கள். வந்தவர்களில் தலித் பெண்கள் கணிசம். உழைப்பின் கூலிக்கே 'சுமங்கலி' என்று பெயர் வைத்த ஊரில், 'எனக்குக் கல்யாணம் வேண்டாம்' என்று சொல்லும் பெண் எந்தச் சொல்லைக் காரணமாகச் சொல்வாள்? சொல் இல்லாத இடத்தில் மறுப்பு வெறும் பிடிவாதமாகத் தெரியும். பிடிவாதத்துக்கு நம் வீடுகளில் என்ன மருந்து என்பது உங்களுக்குத் தெரியும்.

நீதிமன்றமும் சொற்பட்டியலும்

சொல் இருந்தால் என்ன மாறும் என்பதற்கு ஒரு சான்று. மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் சென்னைக்கு வந்து சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். காணவில்லை என்று பெற்றோர் புகார் கொடுத்தார்கள். பெண்கள் உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவு பிறப்பித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. பால்புதுமையரையும் அவர்களுக்கு உதவுவோரையும் காவலர்கள் துன்புறுத்தக்கூடாது என்கிறது அது. ஒருவரின் ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை மருத்துவ ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் அதே ஆண்டு அறிவித்தது. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலும் அரசிதழில் வந்தது. செயல்பாட்டாளர்கள் ஏற்கெனவே நங்கை, நம்பி, ஈரர், திருநர் என்ற சொற்களைப் புழக்கத்தில் விட்டிருந்தார்கள்.

2025 மே 22 அன்று, குடும்பத்தார் அடைத்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை விடுவித்து, அவர் தம் இணையோடு போகலாம் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு தீர்ப்பளித்தது. தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தையும் அது ஏற்றது. 'குயர்' என்ற சொல்லுக்கு அகராதியில் விநோதம் என்று பொருள் இருப்பதால் அதைப் பயன்படுத்தத் தயங்குவதாகவும் அமர்வு கூறியது. தயக்கம் நல்லெண்ணத்தில் வந்ததுதான். ஆனால் அந்த வசையைத் தாங்கியவர்களே அதை எடுத்துச் சூடிக்கொண்டார்கள். 'பறையன்' இதழின் வாரிசுகளான நமக்கு அது புரியும். அதை மறுப்பவரின் நியாயமும் அயோத்திதாசர் வழியே நமக்குப் புரியும். முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெயரைச் சுமப்பவர்.

வானவில்லுக்குள் சாதி

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார். யார் யாரோடு சேரலாம் என்று கட்டுப்படுத்தாமல் சாதி நிற்காது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டது அந்தக் கட்டுப்பாட்டுக்காக. திருமணத்துக்கே வராத பெண்ணும் ஆணும் அதே கட்டுப்பாட்டுக்கு எதிரிகள். ஆகவே சாதி ஒழிப்பும் இவர்களின் விடுதலையும் ஒரே பூட்டைத்தான் உடைக்கப் பார்க்கின்றன.

அதற்காக வானவில் கொடிக்குக் கீழே சாதி தானாகக் கரைந்துவிடாது. 2015இல் மும்பையில் ஒரு தாய் தம் மகனுக்கு மணமகன் தேடி விளம்பரம் கொடுத்தார். நாடே கொண்டாடியது. சாதி தடையில்லை என்ற வரியோடு, ஐயர் என்றால் நல்லது என்றும் அதில் இருந்தது. அதே ஆண்டு தில்லிப் பேரணியில் தலித் இளைஞர்கள் தங்கள் சாதி அடையாளத்தையும் சேர்த்து வெளிப்படையாக அறிவித்தார்கள். நம் ஊரிலும் கைபேசிச் செயலியில் அறிமுகமாகும் இருவர், டாப்பா பாட்டமா என்ற கேள்விக்குப் பிறகு, ஊரையும் கூட்டத்தையும் விசாரித்து "நீங்க என்ன ஆளுங்க?" என்பதில் வந்து நிற்பது உண்டு. 'ங்க' போட்டுக் கேட்டாலும் கேள்வி அதேதான்.

அரசின் பெயர்கள் செய்யும் சிக்கலும் உண்டு. தமிழகத்தில் 2015இல் திருநர்களை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தார்கள். பாலினத்தைச் சாதிபோல் எண்ணி ஒரு கட்டத்தில் வைத்தார்கள். தலித் திருநங்கை தலித்தா, திருநங்கையா? இரண்டும்தான் என்று கிரேஸ் பானு போன்றோர் எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறார்கள். பாலினத்தைச் சாதியாக நடத்த முடியாது என்று 2024இல் உயர்நீதிமன்றமும் சொன்னது. தலித் நங்கைக்கும் தலித் நம்பிக்கும் இதே நிலைதான். சேரியில் ஒரு பாதியை மறைக்க வேண்டும், பேரணியில் மறு பாதியை மறைக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

நம் மேடைகளில் எதிரியை இழிவுபடுத்த 'பொட்டை', 'ஒம்போது' என்று பேசுவதை நிறுத்துவோம். அந்தச் சொல் எதிரியைத் தொடாது. கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளையைத்தான் தொடும். விடுதி மாணவர் ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்ல வந்தால், அவர் சொல்லும் பெயரை அப்படியே ஏற்போம். பெயரே வேண்டாம் என்றால் அதையும் ஏற்போம். வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலையில் இரண்டு பெண்கள் நம் அமைப்பின் கதவைத் தட்டினால், சாதி மறுப்பு இணையருக்குத் தரும் அதே பாதுகாப்பைத் தருவோம். விதி 24-சியை அச்சிட்டு நம் வழக்கறிஞர்கள் கையில் வைத்திருக்கட்டும்.

நாம் பெயர் மாற்றிக்கொண்டபோதெல்லாம், பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதே கேள்வியை இன்னொருவரிடம் நாம் கேட்காமலிருப்போம்.

ஜெய்பீம்.