உங்கள் தலை அளவு என்ன?



ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் உடம்பளவு, கையளவு எல்லாம் சொல்கிறோம். செருப்பு வாங்கினால் நாலு ஜோடியைப் போட்டு நடந்து பார்க்கிறோம். வளையலுக்குக்கூட அளவு உண்டு. ஆனால் உங்கள் தலை அளவு என்ன என்று கேட்டால் சொல்ல முடியுமா? சமீபத்தில் நான் போன குழுக் கூட்டங்களில் எல்லாம் இதைக் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். "தலைக்கு ஏது மேடம் அளவு?" என்றார்கள்.

நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

நம் கூட்டமைப்பில் ஒரு அக்கா ஊக்குநராக இருந்தார். 16 உறுப்பினர்களின் சேமிப்பு, உள்கடன் பாக்கி, வட்டி எல்லாம் நோட்டைத் திறக்காமலே சொல்லுவார். ஒருநாள் கூட்டம் முடிந்து கணவரோடு பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனார். போலீஸ் நிற்கும் என்று யாரோ கொடுத்த பழைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்திருந்தார். அவர் தலைக்கு அது பெரிசு. நாடாவையும் மாட்டவில்லை. ஊர் எல்லையில் வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை. வண்டி தூக்கிப் போட்டதில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அக்கா பின்பக்கமாக விழுந்தார். அவர் தலை தரையைத் தொடும் முன்னாலேயே ஹெல்மெட் கழன்று உருண்டு போய்விட்டது. அந்த ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

22 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உயிர் பிழைத்தார், நம் அதிர்ஷ்டம். ஆனால் இன்றைக்கு அவருக்குக் கணக்கு ஓடவில்லை. சொன்னதையே திரும்பச் சொல்கிறார். தீர்மான நோட்டை இப்போது அவர் மகள்தான் எழுதுகிறாள். "என் பேரு போடாத, ஆனா விஷயத்தை எழுது. எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்" என்று அவரே சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்றும் நடந்தது. அந்த விபத்துக்குப் பிறகு இரண்டு வீடுகளில் "இனிமே வண்டியில கூட்டத்துக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது ரொம்ப வருத்தமாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மூலமாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்களைத் தாண்டித்தான் அவர்கள் மிதித்தார்கள். அங்கிருந்து இன்றைக்கு ஸ்கூட்டர் வரை வந்திருக்கிறோம். வண்டியை விட்டுவிடுவது இதற்குத் தீர்வு இல்லை. தலையைக் காப்பாற்றிக்கொண்டு வண்டியில் போவதுதான் தீர்வு.

ஹெல்மெட் எப்படிக் காப்பாற்றுகிறது?

கூடையில் முட்டை கொண்டு போகும்போது உமியோ வைக்கோலோ போட்டு வைப்போம். எதற்கு? கூடை இடித்தாலும் அந்த அடியை வைக்கோல் வாங்கிக்கொள்ளும். ஹெல்மெட்டும் அதே மாதிரிதான். வெளியே கெட்டியான ஓடு. உள்ளே தெர்மாகோல் போல ஒரு தடித்த பகுதி. தலை தரையில் மோதும்போது அந்தத் தெர்மாகோல் நசுங்கி, அடியின் வேகத்தைக் குறைக்கிறது. நம் மூளை ரொம்ப மிருதுவானது. வெளியில் ரத்தம் வராவிட்டாலும், வேகமாக ஆடி மண்டை ஓட்டின் உள்பக்கம் மோதினால் அதற்குச் சேதம் வரும்.

பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2008-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கிய மோட்டார் வண்டிக்காரர்களில் ஹெல்மெட் போட்டவர்களுக்குச் சாவு ஆபத்து சுமார் 42 சதவீதம் குறைகிறது. தலைக்காய ஆபத்து சுமார் 69 சதவீதம் குறைகிறது.

ஆனால் தலையில் இருந்தால்தானே காப்பாற்றும்? கழன்று ஓடும் ஹெல்மெட்டும், கண்ணாடியில் மாட்டித் தொங்கும் ஹெல்மெட்டும் ஒன்றுதான்.

அளவு எடுப்பது எப்படி?

தையல் டேப் போதும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, காதுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையில் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளக்க வேண்டும். 58 சென்டிமீட்டர் வந்தால் அதுவே உங்கள் அளவு. ஹெல்மெட்டின் உள்ளே 580 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 560, 580, 600 என்று அளவுகள் கிடைக்கும். ஆம்பளைக்கு வாங்கிய 600 அளவு, 560 தலைக்குச் சட்டிக்குள் எலுமிச்சம்பழம் மாதிரி ஆடும்.

நம்பர் சரியாக இருந்தாலும் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். தலை உருவம் ஆளுக்கு ஆள் மாறும். கடையிலேயே இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள்:

1. ஹெல்மெட் நேராக, புருவத்துக்குக் கொஞ்சம் மேலே உட்கார வேண்டும். நெற்றி முழுக்கத் தெரிகிற மாதிரி பின்னால் தள்ளிப் போட்டால், நெற்றிக்குப் பாதுகாப்பு இல்லை.

2. தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். ஹெல்மெட்டும் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். தலை மட்டும் உள்ளே திரும்பினால் பெரிசு.

3. முகம் மூடும் ஹெல்மெட் என்றால், உள்ளே இருக்கும் மெத்தை கன்னத்தைத் தொட வேண்டும். புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருப்பது நல்லது. போகப் போக மெத்தை இளகும்.

4. நாடாவை மாட்டுங்கள். தாடைக்கும் நாடாவுக்கும் நடுவில் ஒரு விரல், மிஞ்சிப் போனால் இரண்டு விரல் நுழையலாம். அதற்கு மேல் நுழைந்தால் தளர்ச்சி.

5. நாடா மாட்டியபடியே, பக்கத்தில் இருப்பவரைப் பின்பக்கத்திலிருந்து ஹெல்மெட்டை முன்னோக்கித் தூக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அந்த ஹெல்மெட் வேண்டாம்.

6. ஒரு பத்து நிமிஷம் போட்டே இருங்கள். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தி வலித்தால் வேறு அளவோ வேறு மாடலோ பாருங்கள்.

கொண்டையும் பூவும்

நம் பெண்களுக்கு உள்ள முக்கியமான சிக்கல் இது. பின்மண்டையில் கொண்டை போட்டு அதன்மேல் ஹெல்மெட் வைத்தால் அது மேலே தூக்கி நிற்கும், இல்லாவிட்டால் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். வண்டியில் போகும் நாளில் கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னல் போட்டுக்கொள்ளுங்கள். பெரிய கிளிப், ஊசி எல்லாம் வேண்டாம். அடிபட்டால் அவையே தலையில் குத்தும். பூவைப் பையில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் வைத்துக்கொள்ளலாம்.

"வியர்க்குது, நாறுது, முடி கொட்டுது" என்பார்கள். சுத்தமான பருத்தித் துணியை மெல்லிசாக ஒரு சுற்று கட்டிக்கொண்டு போடலாம். தடிமனாகக் கட்டினால் அளவு கெட்டுப்போகும். உள்மெத்தை கழற்ற வருகிறதென்றால் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல், தின்னர் போட்டு ஓட்டைத் துடைக்காதீர்கள், அது பலம் இழந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக்கூடாது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். நசுங்கியது திரும்ப எழும்பாது.

எதைப் பார்த்து வாங்குவது?

ரோட்டோரத்தில் 150, 200 ரூபாய்க்கு விற்கும் தொப்பி மாதிரியானவை போலீசை ஏமாற்றலாம், தார் ரோட்டை ஏமாற்ற முடியாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். கூடவே உரிம எண்ணும் இருக்கும். முத்திரையைப் போலியாகவும் ஒட்டுகிறார்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். உங்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முத்திரை இல்லாத இரு சக்கர வாகன ஹெல்மெட்டை விற்கக்கூடாது என்று 2021 ஜூன் முதல் சட்டமே இருக்கிறது.

பில் கேட்டு வாங்குங்கள். வாங்கிய தேதியை உள்ளே எழுதி வையுங்கள். விபத்து எதுவும் இல்லாவிட்டாலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

பிள்ளைகளுக்கு

வளர்ற பிள்ளை என்று யூனிபார்மைப் பெரிசாகத் தைப்போம். ஹெல்மெட்டில் அந்தச் சிக்கனம் கூடாது. இன்றைக்கு இருக்கிற தலைக்கு இன்றைக்கு இருக்கிற அளவு வேண்டும்.

பைக்கில் போகும் பிள்ளைக்கு 4 வயது தாண்டிவிட்டால் பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம். 4 வயதுக்கும் கீழே என்றால், 2023 பிப்ரவரி முதல் மத்திய அரசின் தனி விதி இருக்கிறது. பிள்ளையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும். 9 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது.

பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைக்கு ஹெல்மெட் போடச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸும் லாரியும் போகும் ரோட்டில்தானே அவர்களும் போகிறார்கள்? சைக்கிள் ஹெல்மெட் என்று தனியாக இருக்கிறது. எடை குறைவு, காற்றுப் போக ஓட்டைகள் இருக்கும். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் நேராக உட்கார வேண்டும். இரண்டு பக்க வாரும் காதுக்குக் கீழே "வி" மாதிரி சேர வேண்டும். பின்னால் திருகு இருந்தால், ஆடாத அளவுக்குத் திருகிவிடுங்கள். நாடா மாட்டி, பிள்ளையைப் பெரிசாகக் கொட்டாவி விடச் சொல்லுங்கள். அப்போது ஹெல்மெட் உச்சந்தலையை லேசாக அழுத்தினால் அளவு சரி.

இரண்டு எச்சரிக்கை. பெரியவர்கள் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டக்கூடாது, அது அந்த வேகத்துக்குச் செய்ததில்லை. அதேபோல, சைக்கிளை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட வேண்டும். அதோடு மரம் ஏறினாலோ ஊஞ்சல் ஆடினாலோ, நாடா எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு.

சட்டமும் உதவியும்

ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். நம் மாநிலத்தில் இதில் பெண்களுக்கு விலக்கு இல்லை. 2022 அக்டோபரில் அபராதம் 1000 ரூபாயாக உயர்ந்தது. ஒருதடவை கட்டும் அபராதப் பணத்தில் ஒரு நல்ல ஹெல்மெட்டே வாங்கிவிடலாம்.

விபத்து நடந்த இடத்தில் நீங்கள் இருந்தால் 108-க்குப் போன் போடுங்கள். அடிபட்டவர் நன்றாக மூச்சு விட்டால் அவசரப்பட்டு ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். கழுத்தில் அடி இருந்தால் இன்னும் மோசமாகும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இருந்து கழற்றியே ஆகவேண்டும் என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையும் கழுத்தும் ஆடாமல் பிடிக்க, மற்றவர் நாடாவை எடுத்து மெதுவாகக் கழற்ற வேண்டும். தலையில் அடிபட்டவர் "ஒண்ணுமில்ல" என்று எழுந்து நடந்தாலும், பிறகு வாந்தி, மயக்கம், குழறிய பேச்சு, தீராத தலைவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரி. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காக "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" என்ற திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது. ஆஸ்பத்திரியில் அதைக் கேளுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

"வீட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கவே காசு இல்ல, எனக்கு வேறயா?" என்று ஒரு அக்கா கேட்டார். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது போலவே, கடைசி ஹெல்மெட்டும் நமக்குத்தான் என்று பழகிவிட்டோம். ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் சுமார் ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. மாதம் 100 ரூபாய் தவணையில் உள்கடன் கொடுத்தால் பத்து மாதத்தில் தீர்ந்துவிடும். இரண்டு மூன்று குழு சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை பேசவும் முடியும். ஆனால் ஒரே அளவில் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். முதலில் ஒவ்வொருவர் தலையையும் அளந்து பட்டியல் போடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் இந்த மூன்று கேள்வியைப் பேசுங்கள்:

நம் குழுவில் எத்தனை பேர் வண்டியில் போகிறோம், அதில் எத்தனை பேருக்குச் சொந்தமாக ஹெல்மெட் இருக்கிறது?

இருக்கிற ஹெல்மெட் மேலே சொன்ன சோதனையில் தேறுகிறதா?

நம் ஊரில் வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடை எங்கே இருக்கிறது? அதைக் கிராம சபையில் யார் எழுந்து பேசுவது?

பேசி முடித்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அந்த அக்கா இருக்கும் குழுவில் போன வாரம் எல்லாருக்கும் அளவு எடுத்தோம். டேப்பைப் பிடித்து அளந்தது அவர்தான். அளவைச் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். ஒரு நம்பரை இரண்டு தடவை மறந்துவிட்டு, மூன்றாவது தடவையும் பொறுமையாகத் திரும்ப அளந்தார். "சரியா எழுதும்மா, அளவு தப்பாச்சுன்னா எல்லாம் தப்பாயிடும்" என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு தையல் டேப் எடுத்து வாருங்கள், சகோதரிகளே.