தேங்காயும் உமியும் தவிடும்: ஓர் உயிரிரசாயனப் பேராசிரியரின் ஆராய்ச்சி

சண்டிலிப்பாயில் வழுக்கையாற்றை அடுத்துள்ள வயல்களில் நெல் விளைகின்றது. வளவுகளில் தென்னை நிற்கின்றது. நெல்லைக் குற்றியபின் எஞ்சும் உமியும் தவிடும், எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கும் கமக்காரருக்குப் பழக்கமான பொருள்களே. இப்பொருள்களின் உள்ளியல்பை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உயிரிரசாயனப் பேராசிரியராக விளங்கிய பாலசுப்பிரமணியம் ஆவார்.

தேங்காய் முற்றுவது எவ்வாறு?

இளநீரின் வழுக்கை மென்மையானது. முற்றிய தேங்காயின் பருப்போ கடினமானது. இம்மாற்றத்தின் காரணத்தை விளக்கும் ஆராய்ச்சியை இவர் 1976 இல் வெளியிட்டார். இளம் பருப்பிலுள்ள கலக்டோமன்னன் என்னும் பொருள், கலக்டோசு என்னும் வெல்லத்தைக் கிளைகளாகக் கொண்டது. காய் முற்ற முற்ற இக்கிளைகள் குறைகின்றன. கிளையிழந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படிவதால் பருப்பு இறுகுகின்றது. முற்றிய பருப்பின் நாரிலே நூற்றுக்கு 61 பங்கு கலக்டோமன்னனும், 26 பங்கு மன்னனும், 13 பங்கு செல்லுலோசும் உள்ளனவென இவர் கண்டார். கலக்டோசுக் கிளைகளை வெட்டும் நொதியத்தைத் தேங்காயிலிருந்தே பிரித்தெடுத்த ஆராய்ச்சி 1986 இல் வெளிவந்தது.

இதனால் கமக்காரர் அறிய வேண்டியது யாது? மன்னனைச் செரிக்கும் நொதியம் கோழிக்கு இல்லை. ஆகவே கோழித் தீனில் தேங்காய்ப் புண்ணாக்கை அளவோடு சேர்த்தல் வேண்டும். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் இந்நாரைச் சிதைப்பதால், மாட்டுக்கு அது நல்ல தீனாகும்.

உமியும் தவிடும்

மாப்பொருளைக் குளுக்கோசாக்கும் நொதியத்தைப் பூஞ்சணத்தின் உதவியால் உண்டாக்கலாம். தவிடு பூஞ்சணத்துக்கு நல்ல உணவு. ஆயினும் தனித்தவிடு ஈரத்தில் கட்டிப்பட்டுக் காற்றைத் தடுக்கும். உமி கலந்தால் இடைவெளி உண்டாகிக் காற்று உட்புகும். உமியைத் தாங்கியாகக் கொண்டு இந்நொதியத்தை உற்பத்தி செய்த ஆராய்ச்சியை இவரும் வசந்தி அரசரத்தினம் முதலியோரும் 1997 இல் வெளியிட்டனர். 1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. 1995 இல் வலிகாமத்து மக்கள் ஊர்விட்டு இடம்பெயர்ந்தனர். அத்தகைய காலத்திலும் ஆய்வு கைவிடப்படவில்லை. வசந்தி அரசரத்தினம் பின்னர் உயிரிரசாயனப் பேராசிரியராகி, 2011 முதல் 2017 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார்.

ஓர் எச்சரிக்கை

ஆய்வுகூடத்தில் தெரிந்தெடுத்து வளர்க்கும் பூஞ்சணம் வேறு; ஈரத்தில் தானாகப் படரும் பூஞ்சணம் வேறு. பின்னையது கால்நடைகளின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடும். ஆகையால்:

1. புண்ணாக்கையும் தவிட்டையும் ஈரமற்ற இடத்தில், நிலத்தில் படாதவாறு பலகைமேல் வைக்கவும்.
2. பூஞ்சணம் பிடித்ததைக் கழுவியோ உலர்த்தியோ தீனாகக் கொடுக்கற்க.
3. மாரிகாலத்தில் சிறிது சிறிதாகவே வாங்கிப் பயன்படுத்துக.

கழிவென்று நாம் ஒதுக்குவதிலும் பயன் உண்டு. அதனை அறிந்து கையாளுதல் கமக்காரருக்கு நன்மை தரும்.