அன்று கட்டைவிரல், இன்று கைப்பேசி

உசிலம்பட்டிப் பக்கம் போகிறவர்கள் பெருங்காமநல்லூர் நினைவுத்தூணைப் பார்த்திருப்பீர்கள். 1920 ஏப்ரல் 3 அன்று அந்த ஊருக்குள் போலீஸ் வந்தது கைரேகை எடுப்பதற்காக. குற்றம் செய்தவர், செய்யாதவர் என்ற பேதமே இல்லை. பிரமலைக் கள்ளராகப் பிறந்திருந்தால் குற்றப் பரம்பரைச் சட்டப்படி ரேகை வைக்க வேண்டும். மறுத்த மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

தலித் பகுதியில் இதை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதே சட்டத்தின் பட்டியலில் குறவர்கள் இருந்தார்கள். தென்னார்க்காட்டு வேப்பூர் பறையர்களும் இருந்தார்கள். சாதியைப் பார்த்து ஆளைச் சந்தேகிக்கும் பதிவேடு ஒரு சாதியோடு நிற்பதில்லை. சிறைப் பதிவேடுகளில் இருந்த சாதிக் கலத்தை நீக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதே 2024 அக்டோபரில்தான்.

ரேகைச் சட்டம் ஒழிந்தது. ரேகைப் பதிவு ஒழியவில்லை. 2022-இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டப்படி, கைதானவரின் விரல் ரேகை, கண் கருவிழிப் பதிவு, புகைப்படம் ஆகியவற்றை எடுத்து 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். தலைமைக் காவலரே எடுக்கலாம். குடிநீர் கேட்டு மறியல் செய்து கைதாகும் கல்லூரி மாணவருக்கும் இது பொருந்தும். முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால், நீதிமன்றம் வேறு உத்தரவு போடாத வரை, பதிவை அழிக்க வேண்டும் என்கிறது சட்டம். அழித்தார்களா என்று அலைந்து கேட்க நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்க்கு நேரம் ஏது?

அடுத்து கைப்பேசி. இந்தியாவில் போனை ஒட்டுக்கேட்க நீதிபதியின் வாரண்ட் தேவையில்லை; உள்துறைச் செயலாளரின் உத்தரவு போதும். அந்த உத்தரவு சரிதானா என்று பார்க்கும் குழுவிலும் அதிகாரிகளே இருக்கிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2011-இல் மத்திய உள்துறை போட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தார். பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லாமல், குற்றத்தைத் துப்பறிய என்று மட்டும் சொல்லி ஒட்டுக்கேட்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். சேரிப் பையனின் போனுக்காக உயர் நீதிமன்றம் வரை போக யார் இருக்கிறார்கள்?

"மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்பார்கள். திருவிழாத் தகராறில் நம் பையன் அடிபடுகிறான். அடித்தவரின் முகம் அவன் போனில் வீடியோவாக இருக்கிறது. அந்தப் போன் எழுத்து ஏதுமின்றி அவன் கையை விட்டுப் போனால், வன்கொடுமை வழக்கின் சாட்சியும் சேர்ந்து போகிறது. சாட்சி சொல்ல வந்தவர்களின் எண்கள், பெண்பிள்ளைகளின் படங்கள், சங்கத்துக் குழுவில் பேசியவை எல்லாமே அதில்தான் இருக்கின்றன.

ஆகவே மாணவர்களே, போனைக் கேட்டால் பதற வேண்டாம். எந்த வழக்கு, குற்ற எண் என்ன என்று பணிவாகக் கேளுங்கள். கைப்பற்றினால் மகஜர் எழுதிச் சாட்சிகளின் கையெழுத்து வாங்க வேண்டும். புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி கைப்பற்றுவதையே வீடியோ எடுக்க வேண்டும். மகஜர் நகலைக் கேட்டு வாங்குங்கள். முக்கியமான வீடியோவை அன்றைக்கே நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். பட்டியல் சாதியினருக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.

பெருங்காமநல்லூரில் அன்று நின்றவர்களுக்குச் சட்டம் துணை இல்லை. நமக்கு ஓரளவாவது இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம் தெருக்களுக்கு வர வேண்டும்.