வெள்ளமும் வரைபடமும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நம் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையை எவரும் மறந்திருக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இம்மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் மழையினும் அது மிகுதி. தாமிரவருணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் இரயில் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கித் தவித்தனர். எவ்வூரில் நீர் சூழ்ந்துள்ளது, எவ்வழி திறந்துள்ளது என்பதே அவ்வேளையில் மீட்கச் செல்வோர் முதலில் அறியவேண்டிய செய்தி.

அதனைச் செயற்கைக்கோளும் கணிப்பொறியும் கூடி உரைக்க வல்லன. வானம் மூடிக் கிடந்தால் சாதாரண ஒளிப்படக் கருவி பயன்படாது. 2022இல் நம் நாடு ஏவிய இ.ஓ.எஸ்-04 போன்ற ரேடார்க் கோள்களோ முகிலையும் இருளையும் ஊடுருவிக் காண்கின்றன. அசையாத நீர்ப்பரப்பு ரேடார் அலைகளை வேறு திசையில் தெறிக்கச் செய்வதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். மழைக்கு முந்திய படத்தோடு ஒப்பிட்டால், புதிதாய் நீர் நின்ற இடம் புலப்படும். அதன்மேல் மேடுபள்ளம், சாலை, மருத்துவமனை ஆகியவற்றின் படங்களைக் கண்ணாடித் தாள்களை அடுக்குவதுபோல் கணிப்பொறி அடுக்கிக் காட்டும். இதனையே புவியியல் தகவல் முறைமை என்பர்.

இக்கலையைக் கற்பிக்க, டேராடூனில் 1966இல் தொடங்கப்பெற்று இன்று இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் என வழங்கும் கல்விநிலையம் உண்டு. ஆயினும் பயிற்சி அதிகாரிகளோடு நின்றுவிடலாகாது என்பதே என் கருத்து. கோள் தன் சுற்றுக்குரிய வேளையில்தான் நம்மைக் கடக்கும். வீடுகள் நெருங்கிய தெருவில் நிற்கும் நீரை அது எளிதில் பிரித்தறியாது. எங்கள் எட்டயபுரத்துக் கரிசல் சீமையில் மேல்கண்மாய் மறுகால் பாய்ந்தால் கீழ்க்கண்மாய் நிரம்பும். எக்கரை மெலிந்தது, எவ்வோடை தூர்ந்தது என்பதை அவ்வூர் உழவரே நன்கறிவார்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடம். கிராம அலுவலரும் ஆசிரியரும் மீனவரும் மகளிர் குழுவினரும் முதலில் தம் ஊரைத் தாளில் வரையட்டும்: கண்மாய், மடை, மறுகால், மேட்டுத்தெரு, நடக்கவியலாத முதியோர் வாழும் தெரு. அடுத்து, கைப்பேசியால் அவ்விடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறிக்கட்டும். பின்னர் அவற்றைக் கோளின் படத்தின்மேல் பொருத்தக் கற்கட்டும். ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், அப்படத்தைத் திருத்தட்டும்.

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்றனர் நம் முன்னோர். அடுத்த பெருமழையில் மீட்புப் படகு நம் தெருவுக்கு வழிகேட்டு நிற்கும் நிலை நேரலாகாது.