ச்ரீ நொட் ச்ரீ: ஒரு பழைய துவக்கைத் திருத்துதல்

போன சந்திப்பின் முடிவில் ஒரு நண்பர் கேட்ட கேள்வியோடு தொடங்குகிறேன். “நீங்கள் ஒரு தாதி. ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவர். எங்கள் ஊரில் துவக்கு என்ன செய்தது என்று தெரிந்தவர். உங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் மூன்று பழைய பிரிட்டிஷ் துவக்குகள் ஏன் இருக்கின்றன?” நியாயமான கேள்வி. பதில் சொல்ல முதலில் அந்தத் துவக்கு எதுவென்று சொல்லவேண்டும்.

அதன் பெயர் லீ-என்ஃபீல்ட். ஜேம்ஸ் பாரிஸ் லீ ஸ்கொட்லாந்தில் பிறந்து, சிறுவனாகக் கனடாவுக்கு வந்து, பிறகு அமெரிக்காவுக்குப் போனவர். போல்ட் அமைப்பு அவருடையது. என்ஃபீல்ட், லண்டனின் வடக்கே அரச ஆயுதத் தொழிற்சாலை இருந்த இடம். 1895இல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது. 0.303 அங்குல ரவை. அதனால்தான் எங்கள் அப்பாமார் அதை ‘ச்ரீ நொட் ச்ரீ’ என்றார்கள். இலங்கையில் அந்தக் காலத்துப் பொலிஸ்காரர் தோளில் தொங்கியது இதுதான்.

போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுக் கோது வெளியே விழும். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்த ரவை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். அந்தக் காலத்து மற்ற நாட்டுத் துவக்குகள் பெரும்பாலும் 5 ரவை பிடிக்கும். இது 10 பிடிக்கும். போல்டைத் தூக்கவேண்டிய தூரமும் குறைவு. பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு 15 தடவை குறிபார்த்துச் சுட்டுவிடுவான்.

கனடாவுக்கும் இதற்கும் ஒரு சோகமான உறவு உண்டு. முதலாம் உலகப்போருக்குக் கனடியப் படை தன் சொந்தத் துவக்கான றொஸ்ஸோடு போனது. 1915இல் ஈப்ரே சண்டையில், சேற்றிலும் சூட்டிலும் அதன் போல்ட் இறுகிப்போனது. பையன்கள் அதை எறிந்துவிட்டு, இறந்து கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டுகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அடுத்த வருடம் அரசே மாற்றிக் கொடுத்தது. இரண்டாம் உலகப்போரில் ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில், லோங் பிராஞ்சில், ஒரு தொழிற்சாலை 9 லட்சத்துக்கு மேல் இவற்றைச் செய்து தள்ளியது. வேலை செய்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் துவக்குகளைப் பரிசோதித்த கட்டடம் மிசிசாகாவில் லேக் ஷோர் வீதியில் இன்றும் நிற்கிறது. இப்போது அது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை பாருங்கள்.

போர் முடிந்ததும் மிச்சத் துவக்குகள் மலையாகக் குவிந்தன. சில டொலருக்குக் கிடைத்தன. மான் வேட்டைக்காரர்கள் வாங்கி, பாரம் குறைக்க முன்மரத்தைப் பாதியில் அறுத்தார்கள். துவக்குக்கத்தி பொருத்தும் இடத்தை அரத்தால் தேய்த்தார்கள். சிலர் குழலையும் வெட்டினார்கள். இன்றைக்குச் சேகரிப்பவர் கையில் வருவது பெரும்பாலும் இப்படி அறுபட்டவைதான். அறுத்ததை மீண்டும் முழுமையாக்குவதுதான் நாங்கள் ‘திருத்துதல்’ என்று சொல்லும் வேலை.

முதல் விதி: குழல் வெட்டுப்பட்டிருந்தால் விட்டுவிடுங்கள். வெட்டுப்படாவிட்டால் பழைய முன்மரம், இரும்புப் பட்டிகள், திருகுகள் எல்லாம் தேடிச் சேர்க்கலாம். கழற்றும்போது அவசரம் கூடாது. முதல் போர்க் காலத்து மாதிரியில் தோளில் வைக்கும் பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட ஆணியின் சதுர முனை, முன்மரத்தில் ஒரு தகட்டுக்குள் இருக்கும். முன்மரத்தைக் கழற்றாமல் அந்த ஆணியைத் திருகினால், நூறு வருடம் தாங்கிய மரம் ஒரு நொடியில் பிளந்துவிடும்.

மரத்தில் கைவைக்கும்போதுதான் என் தொழில் உதவுகிறது. முதியவர்களின் காயத்துக்கு மருந்து கட்டுகிறவர்களுக்குத் தெரியும்: அழுத்தித் துடைத்தால் நல்ல தோலும் சேர்ந்து வரும். இங்கேயும் மணல்தாளுக்கு இடமில்லை. வருடங்களாக ஊறிய கறுத்த எண்ணெயை, மரத்தைக் காகிதத்தில் சுற்றி வெயிலில் வைத்து மெல்ல வெளியே எடுக்கவேண்டும். பள்ளங்களுக்கு ஈரத்துணியும் சூடான இஸ்திரிப் பெட்டியும் போதும். நீராவியில் நார் தானாக எழும்பும். பிறகு ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால், பல நாட்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

மணல்தாள் ஏன் கூடாதென்றால், முத்திரைகள் போய்விடும். பிரிட்டிஷ் அரசின் அம்புக்குறி, கனடாவுக்கு ‘சி’ எழுத்துக்குள் அதே அம்பு, செய்த ஆண்டு, பரிசோதகரின் சின்னம், முழுத் திருத்தத்துக்குப் போய் வந்த ‘எஃப்.ரி.ஆர்.’ அடையாளம். இந்தக் கடைசி அடையாளம் எனக்குப் பிடித்தது. படையே இவற்றைப் பிரித்துத் திருத்தியது, பாகம் மாற்றியது. ‘அசல்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் செய்கிற விற்பனையாளரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

சுடுவதாக இருந்தால் போல்டின் முகத்துக்கும் ரவை விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்கவேண்டும். 0.064 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, 0.074ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் கோது கிழிந்து சூடான வாயு முகத்துக்கு வரும். அதனால்தான் போல்டில் உள்ள இலக்கமும் உடலில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று முதலில் பார்க்கிறோம். பழைய படை ரவைகள் குழலில் ஒருவித உப்பை விட்டுப்போகும். எண்ணெய் அதைக் கரைக்காது. சிப்பாய்கள் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள், நாங்களும் அப்படித்தான். கனடாவில் அனுமதிப்பத்திரம் கட்டாயம். ரவை இல்லாமல் பூட்டி வைப்பதும் கட்டாயம்.

இனி நண்பரின் கேள்வி. வாளைக் கலப்பைக் கொழுவாக அடிப்பதைப் பற்றி ஏசாயா சொன்னது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தது. யோசித்துப் பாருங்கள், மரத்தை அறுத்த அந்த வேட்டைக்காரன் ஏறக்குறைய அதைத்தான் செய்தான். போர் ஆயுதத்தைக் குடும்பத்துக்கு இறைச்சி கொண்டுவரும் கருவியாக்கினான். நான் அதைத் திருப்பி ஆயுதமாக்குகிறேன். இது என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. போரின் சாட்சியை அழகான வேட்டைத் துவக்காகப் பார்த்துவிட்டு நகர்வது சுலபம். முழு உருவத்தில், நாலு கிலோப் பாரத்தில், கத்தி மாட்டும் முனையோடு கையில் எடுக்கும்போது, பதினெட்டு வயதுப் பையனிடம் எதைக் கொடுத்து அனுப்பினார்கள் என்பது தோளுக்குத் தெரியும். என் பிள்ளைகளுக்கு அது தெரியவேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லாத் துவக்குக்கும் இந்த நியாயம் பொருந்தாது.

என் மூன்றில் இரண்டுக்கு முன்மரம் தேடிப் பொருத்தியாயிற்று. மூன்றாவது வடக்கே ஒரு பண்ணை ஏலத்தில் வாங்கியது, 1943ஆம் ஆண்டு லோங் பிராஞ்ச். குழல் முழுசாக இருக்கிறது. திருத்தலாம், பாகங்களும் கிடைக்கும். ஆனால் அறுத்த முனையை யாரோ கையால் உருட்டி, மெழுகியிருக்கிறார்கள். பின்கட்டையில் இரண்டு எழுத்தும், பக்கத்தில் ஒரு சிறு மானும் செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு எண்ணெய் மட்டும் பூசுகிறேன், வருடத்துக்கு இரண்டு தடவை.