அடக்கும் வேதிப்பொருள் அடக்காதபோது

நெருக்கடி வந்தால் அட்ரினல் சுரப்பி கார்டிசாலைச் சுரக்கும் என்பது பள்ளிப் பாடம். அதற்கான ஆணை மூளையின் ஹைபோதலாமஸில் உள்ள ஒரு சிறிய நரம்பணுக் கூட்டத்திலிருந்து புறப்படுகிறது. இவ்வணுக்கள் வெளியிடும் சி.ஆர்.எச். என்ற ஹார்மோன், நுண்ணிய ரத்தக் குழாய்கள் வழியே பிட்யூட்டரியை அடைகிறது, பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை விட, அது அட்ரினலைத் தூண்டுகிறது. ஹைபோதலாமஸில் இப்படியொரு பொருள் இருந்தாக வேண்டும் என்பதற்கு 1955இலேயே சான்று கிடைத்துவிட்டது. ஆனால் 41 அமினோ அமிலங்கள் கொண்ட அதன் அமைப்பை வைலி வேல் குழுவினர் செம்மறியாட்டு மூளைகளிலிருந்து கண்டறிந்தது 1981இல்தான்.

ஆணையிடும் இந்த அணுக்களை ஆள்பவை வேறு வேதிப்பொருள்கள். குளூட்டமேட் அவற்றைத் தூண்டும். ரத்த இழப்பு, நோய்த்தொற்று போன்ற உடல் நெருக்கடிகளின் செய்தியை மூளைத்தண்டிலிருந்து நார்அட்ரினலின் கொண்டுவரும். அமைதியான நேரத்தில் இவ்வணுக்களை அடக்கி வைத்திருப்பது காபா.

இந்தக் காபாவின் போக்கு விசித்திரமானது. அது நரம்பணுவின் சவ்வில் குளோரைடு அயனிகளுக்கான வாயிலைத் திறக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. மதகைத் தூக்கினால் நீர் எந்தப் பக்கம் பாயும் என்பதை மதகா முடிவு செய்கிறது? இரு பக்க நீர்மட்டம்தான். கே.சி.சி.2 என்ற புரதம் குளோரைடை ஓயாமல் வெளியே இறைப்பதால் அணுவினுள் அது குறைவாக இருக்கும். வாயில் திறந்ததும் குளோரைடு உள்ளே பாயும், அணு அடங்கும். கல்கரி பல்கலைக்கழகத்தின் ஜெய்தீப் பெய்ன்ஸ் குழுவினர் 2009இல் எலிகளிடம் கண்டது வேறு. நெருக்கடிக்குப் பிறகு நார்அட்ரினலினின் தூண்டலால் அந்த இறைப்பு தளர்கிறது. உள்ளே குளோரைடு கூடுகிறது. காபா அதே வாயிலைத் திறந்தும் அணு அடங்குவதில்லை, சில வேளை கிளர்ச்சியும் அடைகிறது. மூளைக்கு ‘நல்லது’, ‘கெட்டது’ என்று வேதிப்பொருள்களுக்கு முத்திரை குத்தும் விளம்பரங்களில் இதற்கு இடமில்லை.

சுரந்த கார்டிசால் மூளைக்குத் திரும்பிவந்து தன் உற்பத்தியை இரு வழிகளில் தானே குறைக்கும். விரைவான வழியில், கஞ்சாவின் வேதிப்பொருளை ஒத்துச் செயல்படும் ஒன்றை நரம்பணுவே உண்டாக்கி, தன்மீது குளூட்டமேட் சொரியும் நரம்பு முனைகளைக் கட்டுப்படுத்துகிறது. மெதுவான வழியில் சி.ஆர்.எச். மரபணுவின் செயல்பாடே குறைகிறது. கார்டிசாலைப் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை நீண்டகாலம் விழுங்குவோரிடமும் இதே அடக்கம் நிகழ்கிறது. மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கித் தின்னும் வழக்கம் இங்கேதான் ஆபத்தாகிறது: மாத்திரையைச் சட்டென நிறுத்தினால், ஓய்ந்துகிடந்த அட்ரினலால் தேவைக்குச் சுரக்க முடியாது, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே தீங்கு நேரலாம். அட்ரினல் பழைய நிலைக்கு மீளச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும்.